எரிசக்திச் செய்தியைப் படிப்பது எப்படி: யார் கையில் எந்தச் சாவி?

பத்தொன்பது வருடம் செய்தி டெஸ்க்கில் இருந்தேன். ஏஜென்சியிலிருந்து வரும் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கி, தலைப்புப் போட்டு, பக்கத்தில் ஏற்றுவது வேலை. எரிசக்தி என்னுடைய விருப்பப் பாடம் இல்லை. வேறு யாரும் தொட மாட்டேன் என்றதால் என் தலையில் விழுந்தது.

2011 ஜூன் 23. லிபியாவில் சண்டை, அங்கிருந்து எண்ணெய் வரவில்லை. சர்வதேச எரிசக்தி முகமை (டெஸ்க்கில் ஐஇஏ என்போம்) 60 மில்லியன் பேரல் எண்ணெயை 30 நாளில் சந்தைக்கு விடப்போவதாக அறிவித்தது. பக்கம் மூட இருபது நிமிடம் இருந்தது. நான் போட்ட தலைப்பு: ‘தினமும் 6 கோடி பேரல் கூடுதல் உற்பத்தி: எண்ணெய் நாடுகள் முடிவு’. ஒரே வரியில் மூன்று தப்பு. 6 கோடி என்பது மொத்தக் கணக்கு, தினக்கணக்கு இல்லை. அது உற்பத்தியும் இல்லை, ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த எண்ணெய். முடிவெடுத்தவர்களும் எண்ணெய் விற்கும் நாடுகள் இல்லை, வாங்கும் நாடுகள். அன்றைக்கு உலகம் முழுக்க ஒரு நாள் செலவே 9 கோடி பேரலுக்குச் சற்றுக் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே இரவில் கூடுதலாகத் தோண்டி எடுக்க வைத்துவிட்டேன். மறுநாள் காலை ஆசிரியர் பக்கத்தை என் மேஜையில் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அந்த வாரம் ஒரு நோட்டு போட்டேன். எந்த அமைப்பின் பெயர் வந்தாலும் அதன் கையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி. இப்போது சொல்லப்போகும் வழிமுறை முக்கால்வாசி அந்த நோட்டில் இருந்து வருவதுதான்.

முதலில் பெயர், உடனே சாவி

உலக எரிசக்தியை ஆள ஒரே ஓர் அமைப்பு கிடையாது. உணவுக்கும் சுகாதாரத்துக்கும் ஐ.நா.வில் தனி அமைப்புகள் உண்டு. எரிசக்தி மொத்தத்துக்கும் அப்படி ஒன்று இல்லை. அணுசக்திக்கு மட்டும் 1957 முதல் வியன்னாவில் ஒரு முகமை இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பிலும் எரிசக்திக்கென்று தனி உடன்படிக்கை இல்லை. அதனால் செய்தியில் ‘உலக நாடுகள் முடிவு’ என்று படித்தால், எந்த நாடுகள், எந்தக் கூடத்தில் உட்கார்ந்து என்று கேளுங்கள்.

ஓபெக் 1960 செப்டம்பரில் பாக்தாத்தில் தொடங்கியது. ஈரான், ஈராக், குவைத், சவுதி அரேபியா, வெனிசுவேலா என ஐந்து நாடுகள். எண்ணெய் விற்பவர்களின் சங்கம். அதன் கையில் இருக்கும் சாவி கோட்டா: யார் எவ்வளவு எடுக்கலாம் என்ற ஒதுக்கீடு. 2016 கடைசியில் ரஷ்யா உள்ளிட்ட வெளி நாடுகள் சேர்ந்ததும் அது ஓபெக் பிளஸ் ஆனது.

ஐஇஏ 1974 நவம்பரில் பிறந்தது. முந்தைய ஆண்டு அரபு நாடுகள் போட்ட எண்ணெய்த் தடையில் சூடுபட்ட வாங்கும் நாடுகள் சேர்ந்து ஏற்படுத்தியது. அலுவலகம் பாரீஸில். வேடிக்கை என்னவென்றால், பிரான்ஸ் அதில் சேரவில்லை. தன் தலைநகரில் இருக்கும் அமைப்பில் 1992இல்தான் உறுப்பினரானது. ஐஇஏவின் சாவி கையிருப்பு. ஒவ்வோர் உறுப்பு நாடும் தன் நிகர இறக்குமதியில் 90 நாள் அளவுக்கு எண்ணெயைச் சேமித்து வைக்க வேண்டும். நிகர ஏற்றுமதி நாடுகளுக்கு அந்தக் கடமை இல்லை.

ரியாத்தில் சர்வதேச எரிசக்தி மன்றம் இருக்கிறது. விற்பவர்களும் வாங்குபவர்களும் ஒரே மேஜையில் உட்காரும் இடம். அதன் சாவி தகவல் மட்டும். அபுதாபியில் ஐரீனா, 2009இல் தொடங்கிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைப்பு. அறிவுரை, புள்ளிவிவரம், பயிற்சி தரும். யாரையும் கட்டாயப்படுத்தாது. தோஹாவில் எரிவாயு ஏற்றுமதி நாடுகளின் மன்றம் உண்டு. பெயரைப் பார்த்து எரிவாயுவுக்கான ஓபெக் என்று எழுதிவிடாதீர்கள், அங்கே கோட்டா கிடையாது. ஜி7, ஜி20 ஆகியவற்றுக்குச் சொந்தமாக எதுவும் இல்லை. உறுப்பு நாடுகள் வீட்டுக்குப் போய்ச் சட்டம் போட்டால்தான் அங்கே பேசியது நடக்கும்.

கோட்டா, கையிருப்பு, தகவல், வழக்கு, பணம் என்ற ஐந்தில் எதுவும் அந்த அமைப்பிடம் இல்லையென்றால் செய்தி மூன்றாம் பக்கத்துக்குரியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

எண்ணைத் தமிழாக்கி, சரியான எண்ணால் வகுங்கள்

மில்லியன் என்றதும் நம் மூளை ஒரு நொடி நிற்கும். 10 லட்சம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பேரல் 159 லிட்டர். உலகம் இப்போது ஒரு நாளைக்குச் சுமார் 10 கோடி பேரல் செலவழிக்கிறது. சரியாக 10 இல்லை, கொஞ்சம் கூட. ஆனால் மனக்கணக்குக்கு இதைவிடச் சௌகரியமான எண் கிடைக்காது.

அடுத்து ‘நாளொன்றுக்கு’ என்ற சொல் இருக்கிறதா, இல்லையா என்று பாருங்கள். இதை விட்டதால்தான் நான் மாட்டினேன்.

சரி, எதால் வகுப்பது? 2011இன் 6 கோடியை உலகச் செலவால் வகுத்தால் வெறும் 16 மணி நேரம் வரும். ‘பதினாறு மணி நேரத்துக்குத்தான் போதும்’ என்று அப்போது பலர் எழுதினார்கள், கேலியாகவே. அந்தக் கேலி தப்பு. உலகத்துக்கு எண்ணெய் மொத்தமாக நின்றுவிடவில்லை. நின்றது லிபியாவின் எண்ணெய். போருக்கு முன் அந்த நாடு எடுத்தது தினமும் சுமார் 16 லட்சம் பேரல். ஐஇஏ விட்டது 30 நாளைக்குத் தினமும் 20 லட்சம். அதாவது ஒரு மாதத்துக்குப் பள்ளத்தை நிரப்பி மேலேயும் கொஞ்சம் வழியும். கையிருப்புச் செய்தி வந்தால் மொத்தச் செலவால் வகுக்காதீர்கள், வராமல்போன அளவால் வகுங்கள். 2022இல் ஐஇஏ இரண்டு தடவை விட்டது: மார்ச்சில் 6.27 கோடி, ஏப்ரலில் 12 கோடி. அங்கேயும் கேட்க வேண்டியது, ரஷ்யாவிலிருந்து எவ்வளவு நின்றது அல்லது நிற்கும் என்று பயந்தார்கள் என்பதுதான்.

‘விடுவிப்பு’ என்றால் என்ன நடக்கிறது?

இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பெரிய தொட்டிகள் வரிசையாக நிற்பதாக நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவின் அவசரக் கையிருப்பு டெக்சாஸ், லூசியானா கடலோரத்தில், தரைக்கு அடியில் உப்புப் பாறைக்குள் இருக்கிறது. பாறையில் துளையிட்டு, தண்ணீரை ஊற்றி உப்பைக் கரைத்து எடுத்தால் குகை ஆகிவிடும். வழக்கமான குகை ஒன்று 60 மீட்டர் அகலம், 700 மீட்டருக்கு மேல் உயரம். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சாதாரண விஷயத்தை வைத்துத்தான் வெளியே எடுக்கிறார்கள்: அடியில் தண்ணீரைச் செலுத்தினால் எண்ணெய் மேலே ஏறிக் குழாய்க்கு வரும். அந்தத் தண்ணீர் கொஞ்சம் உப்பையும் கரைக்கும் என்பதால் ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் குகை சற்றுப் பெரிதாகிறது. அதிபர் உத்தரவிட்டதிலிருந்து எண்ணெய் சந்தைக்கு வந்துசேர சுமார் 13 நாள். ஆகவே ‘அறிவித்த உடனே விலை இறங்கியது’ என்றால் விலையை இறக்கியது எண்ணெய் இல்லை, அறிவிப்பு.

எல்லா நாட்டிலும் குகை கிடையாது. பல நாடுகளில் 90 நாளில் ஒரு பகுதியை எண்ணெய் நிறுவனங்களே தங்கள் தொட்டிகளில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். அங்கே ‘விடுவிப்பு’ என்றால் அரசு அந்தக் கட்டாய அளவைக் குறைக்கிறது, அவ்வளவுதான். நிறுவனம் உடனே விற்கலாம், விற்காமலும் இருக்கலாம். காகிதத்தில் விடுவித்த பேரல் தொட்டியை விட்டு அசையாமலேயே இருக்கக்கூடும். எனவே செய்தியில் அரசு இருப்பா, நிறுவன இருப்பா என்று தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பத்தியில் கிடக்கும், சில சமயம் வெட்டப்பட்டிருக்கும். வெட்டியது என்னைப் போன்ற யாராவதாக இருக்கும்.

90 நாள் விதியை மீறினால் என்ன தண்டனை? ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2012 முதல் பல வருடம் அந்த அளவைத் தொடவில்லை. அபராதம் இல்லை, வெளியேற்றம் இல்லை. 2020இல் எண்ணெய் மலிவாகக் கிடைத்தபோது கொஞ்சம் வாங்கி, அதையும் அமெரிக்கக் குகையிலேயே வாடகைக்கு வைத்தது. அவசரம் என்றால் பசிபிக்கைத் தாண்டி வர வேண்டியிருந்தது. கணக்குக்கு அதுவும் கையிருப்பாகத்தான் இருந்தது.

வினைச்சொல்லில் ஏமாறாதீர்கள்

மொழிபெயர்ப்பாளராக நான் அதிகம் சண்டை போட்டது இதற்காகத்தான். ஆங்கில அறிக்கையில் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஒரு கனம் உண்டு: முடிவெடுக்கிறது, கேட்டுக்கொள்கிறது, ஊக்குவிக்கிறது, வரவேற்கிறது, கவனத்தில் கொள்கிறது. தமிழில் எல்லாவற்றையும் ‘ஒப்புதல்’ என்று போட்டுவிடுகிறோம். தலைப்பில் இடம் மிச்சமாகும் பாருங்கள்.

2023 டிசம்பரில் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டின் தீர்மானத்தில் எரிசக்தி அமைப்புகள் புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகிச் செல்வது பற்றி ஒரு வரி வந்தது. ‘எண்ணெயைக் கைவிட 200 நாடுகள் ஒப்புதல்’ என்று தலைப்பு வைக்கக் கை துறுதுறுக்கும். ஆனால் அந்த வரியின் வினை ‘அழைப்பு விடுக்கிறது’. எந்த நாடு எப்போது எவ்வளவு என்று எதுவும் இல்லை. முப்பது ஆண்டு மாநாடுகளில் புதைபடிவ எரிபொருள்கள் மொத்தத்தையும் பெயர் சொல்லி அப்படி ஒரு வரி எழுதியதே பெரிய விஷயம்தான். அதைக் குறைத்துச் சொல்லவில்லை. கைவிடுவது வேறு, அதற்கு அழைப்பு விடுப்பது வேறு.

மாறாக, 2020 ஏப்ரலில் ஓபெக் பிளஸ் வெளியிட்ட முடிவில் நாடுவாரியாகப் பட்டியலே இருந்தது. பெருந்தொற்றில் தேவை சரிந்துபோயிருந்தது. தினமும் 97 லட்சம் பேரல் குறைப்பதாக ஒப்பந்தம். மெக்சிகோவிடம் கேட்டது 4 லட்சம். ஒரு லட்சத்துக்கு மேல் முடியாது என்று அது அடம்பிடித்ததில் மொத்தப் பேச்சும் சில நாள் தொங்கியது. எல்லோரும் இவ்வளவு பிடிவாதமாகப் பேரம் பேசினால் அந்தத் தாளில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சுலபமாக ஒருமனதாக நிறைவேறுகிற அறிக்கையை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். அப்படியும் அந்த மாதம் 20ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில் மே மாத ஒப்பந்த விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே 37 டாலரைத் தாண்டிப் போனது. குறைப்பு தொடங்குவது மே மாதம், தொட்டிகள் நிரம்பும் நிலைக்கு வந்தது ஏப்ரலிலேயே.

சொன்னதைச் செய்தார்களா?

ஓபெக் மாதாமாதம் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. அதில் உறுப்பு நாடுகளின் உற்பத்திக்கு இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்று அந்தந்த நாடு தானே சொன்ன கணக்கு. இன்னொன்று ‘இரண்டாம் நிலை ஆதாரங்கள்’, அதாவது வெளியார் மதிப்பிட்ட கணக்கு. கோட்டாவைக் கடைப்பிடித்தார்களா என்று பார்க்க ஓபெக்கே பயன்படுத்துவது இரண்டாவதைத்தான். சங்கத்துக்கே உறுப்பினர் வாய்மொழியில் முழு நம்பிக்கை இல்லை! இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த நாட்டுக்கு இடைவெளி அதிகம் என்று மூன்று மாதம் தொடர்ந்து குறித்தாலே ஒரு படம் கிடைக்கும்.

ரியாத் மன்றம் ஒருங்கிணைக்கும் ஜோடி என்ற தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. நாடுகள் தாமே அனுப்பும் உற்பத்தி, ஏற்றுமதி, இருப்புக் கணக்கு. ஒன்றிரண்டு மாதம் தாமதமாக வரும், சில கட்டங்கள் காலியாக இருக்கும். காலியாக இருப்பதும் ஒரு செய்திதான்.

எதிர்காலத் தேவை பற்றிய கணிப்புகளில் இன்னும் கவனம் வேண்டும். 2024க்கு எண்ணெய்த் தேவை எவ்வளவு கூடும் என்பதில் ஆண்டின் நடுவில் ஓபெக் சொன்னது தினமும் சுமார் 22 லட்சம் பேரல். ஐஇஏ சொன்னது அதில் பாதிகூட இல்லை. விற்பவர் கண்ணில் தேவை பெரிதாகத் தெரியும், வாங்குபவர் கண்ணில் சிறிதாகத் தெரியும். ஒரே ஒரு கணிப்பை வைத்துக் கட்டுரை எழுதியிருந்தால் யாருடையது என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

எண்ணெய்க்குச் சொன்னதை எரிவாயுவுக்குச் சொல்ல முடியாது

1973 தடையில் அமெரிக்காவோடு நெதர்லாந்தும் குறிவைக்கப்பட்டது. ஆனால் கப்பல்கள் கடலில் திசை மாறின. நிறுவனங்கள் வேறிடத்து எண்ணெயை அங்கே அனுப்பி, தடை எண்ணெயை வேறெங்கோ அனுப்பின. தட்டுப்பாடு எல்லோருக்கும் பரவியது, விலை எல்லோருக்கும் ஏறியது. எண்ணெய்க்கு இதுதான் குணம். குறிப்பிட்ட ஒருவரை மட்டும் பட்டினி போடுவது கடினம். பதுக்கல் பயமே பாதி விலையேற்றம். 1979 ஈரான் புரட்சியின்போது உலகக் குறைவு ஐஇஏ ஒப்பந்தம் வைத்திருந்த 7 சதவீத வாசலை எட்டவில்லை, அதனால் இருக்கும் எண்ணெயை உறுப்பு நாடுகள் பகிர்ந்துகொள்ளும் திட்டம் இயங்கவில்லை. ஆளாளுக்கு வாங்கிக் குவித்ததில் விலை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் வாசலுக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே கையிருப்பை விடும் ஏற்பாடு வந்தது.

குழாய் வழி வரும் எரிவாயு அப்படித் திசை மாறாது. குழாயின் மறுமுனையில் இருப்பவர் மூடினால் மூடியதுதான். எரிவாயுவைக் கப்பலில் ஏற்ற மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்க வேண்டும், இறக்குமிடத்தில் அதற்கென்றே முனையம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிவாயு இறக்குமதியில் ரஷ்யப் பங்கு 2021இல் சுமார் 45 சதவீதம், 2023இல் சுமார் 15. குளிர்காலத்துக்கு முன் கிடங்குகளை நிரப்பியே ஆக வேண்டும் என்று 2022இல் சட்டம் போட்டு, நிரப்பியும் காட்டினார்கள். செய்திகளில் இது வெற்றிக் கதை. நிரப்பிய எல்என்ஜி (திரவமாக்கிய எரிவாயு) எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை மாறும். அதிக விலை கொடுத்தவர் பக்கம் கப்பல்கள் திரும்பின. பாகிஸ்தான், வங்கதேசம் போன்ற நாடுகள் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் மின்வெட்டில் கிடந்தன. ஒரு நாட்டின் ‘எரிசக்திப் பாதுகாப்பு’ என்று படிக்கும்போது அந்தப் பேரல், அந்தக் கப்பல் யாருக்குப் போகவேண்டியது என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஇஏவின் 90 நாள் எண்ணெய்க்கு மட்டும். எரிவாயுவுக்கு உலக அளவில் அப்படி ஒரு பொது ஏற்பாடு இல்லை.

மின்சாரத்துக்கு வருவோம், சுருக்கமாக. அங்கே ஒத்துழைப்பு என்றால் ஒரே தாளத்தில் ஓடுவது. இணைந்த வலையமைப்பு முழுக்க ஒரே அலைவெண். 2022 மார்ச் 16 அன்று, போர் நடுவே, உக்ரைன் தன் வலையமைப்பை ஐரோப்பிய வலையமைப்போடு இணைத்தது. 2025 பிப்ரவரியில் எஸ்டோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் ரஷ்ய வலையமைப்பிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தன. மாநாட்டுப் புகைப்படத்தைவிட இந்த மாதிரிச் செய்தி எனக்குப் பெரிது.

யார் அறையில் இல்லை?

எண்ணெய் இறக்குமதியில் முன்வரிசையில் இருக்கும் சீனாவும் இந்தியாவும் ஐஇஏவின் முழு உறுப்பினராக இல்லாமல், 2015, 2017 முதல் ‘இணை நாடு’ என்ற அந்தஸ்தோடு இருந்துவருகின்றன. முழு உறுப்பினராக ஓஈசிடி என்ற செல்வந்த நாடுகளின் அமைப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. அதைவிடச் சிக்கல், வாக்கின் கனம். அது எழுபதுகளின் எண்ணெய்ப் பயன்பாட்டை ஒட்டி அமைந்தது. புதிதாக ஒரு பெரிய நாடு உள்ளே வந்தால் பழையவர்களின் கனம் குறையும். பந்தியில் இடம் இருக்கிறது, இலை மட்டும் எண்ணி வைத்திருக்கிறார்கள்.

கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

ஒப்பந்தம் என்று ஒன்று கையில் கிடைத்தால் நான் வெளியேறும் விதியைத்தான் முதலில் திருப்புவேன். 1994இல் லிஸ்பனில் கையெழுத்தான எரிசக்தி சாசன உடன்படிக்கை இதற்கு நல்ல பாடம். சோவியத் ஒன்றியம் உடைந்தபின் கிழக்கில் முதலீடு செய்யும் மேற்கு நிறுவனங்களைக் காப்பதற்காக எழுதியது. அரசு கொள்கையை மாற்றி நஷ்டம் வந்தால் நிறுவனம் அந்த அரசின் மீது நடுவர் மன்றத்தில் வழக்குப் போடலாம். பிறகு அது தங்கள் மீதே திரும்பியபோதுதான் மேற்கு நாடுகளுக்கு உறைத்தது.

இத்தாலி 2016இல் வெளியேறியது. ஆனால் வெளியேறிய பிறகும் பழைய முதலீடுகளுக்கு 20 ஆண்டு பாதுகாப்புத் தொடரும் என்று உடன்படிக்கையில் ஒரு விதி. கடற்கரைக்கு அருகே எண்ணெய் எடுக்க அனுமதி மறுக்கப்பட்ட ஒரு நிறுவனம் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு வழக்குத் தொடுத்து, 2022இல் இழப்பீட்டுத் தீர்ப்பும் வாங்கியது. 2025இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. காரணம் நடுவர் ஒருவர் தொடர்பான பிரச்சினை. விதி அப்படியே இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விலகல் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ‘வெளியேறியது’ என்று தலைப்பு வைத்தவர்கள் தப்பு செய்யவில்லை. தங்களுக்குள் இந்த 20 ஆண்டு விதி செல்லாது என்று பெரும்பாலான உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டும் விட்டன. உடன்படிக்கையில் இன்னும் இருக்கும் வெளி நாட்டு முதலீட்டாளருக்கு அந்த ஒப்புதல் பொருந்தாது. அவருக்கு 2045 வரை நேரம் இருக்கிறது.